சுஹேல் அகமது ஸ்பீக்கர் வாங்கிய கதை

ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் சுஹேல் அகமது பதினெட்டு வருஷமாகத் தோலைத் தடவிக்கொண்டிருக்கிறார். தடவிப் பார்த்து இது முதல் தரம், இது ரெண்டாம் தரம், இது ரிஜெக்ட் என்று பிரிப்பது அவர் வேலை. கை பழகிப்போனதால் வேலை முடிந்தும் பிரிக்கிறார். மைத்துனனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் சோபாவைத் தடவி, "ரெக்சின்" என்று சொல்லிவிட்டதில் அந்தச் சம்பந்தம் ரெண்டு மாதம் தள்ளிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை அவர் பாடகர். அதே கிடங்கில்தான் ஒத்திகை. பீடி சிகரெட் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு முதலாளி இடம் கொடுத்திருந்தார். டிரம்ஸ் சூரியபிரகாஷ், ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிற மெஷினில் வேலை. ஆறு நாள் மெஷினிடம் வாங்கியதை ஏழாம் நாள் டிரம்ஸிடம் தீர்த்துக்கொள்பவர். கீபோர்டு தமிழினி, தோல் பதனிடும் ஒரு டேனரி ஆபீசில் பில் போடும் பெண். இவர்கள் நடுவே சுஹேலின் குரல், கீபோர்டின் சின்ன ஸ்பீக்கர் பெட்டியிலேயே சொருகிய மைக் வழியாக, வந்தும் வராமலும் இருந்தது.

"பாய், பாட்றீங்களா, வாய மட்டும் அசைக்கிறீங்களா?" என்பார் சூரியபிரகாஷ்.

"பாடித்தான் தொலைக்கிறேன். நீ கொஞ்சம் கம்மியா அடி."

"கம்மியா அடிச்சா அது டிரம்ஸ் இல்ல பாய், கதவு தட்றது."

நாலு வருஷம் இப்படியே ஓடியது. பிறகு வாணியம்பாடியில் ஒரு ரிசப்ஷன் புக் ஆனது. குழுவின் முதல் மேடை. சூரியபிரகாஷ் கறாராகச் சொல்லிவிட்டார். "மண்டபத்துல மைக் செட்டு அவங்களே போட்ருவாங்க. ஆனா ஒத்திகையிலயே கேக்காத குரல நம்பி எப்படி மேடை ஏறது? கடைசி ஞாயித்துக்குள்ள கேக்கல, பேரணாம்பட்டு ஆமிரக் கூப்ட்ருவேன். அவனுக்குத் தொண்டை பெருசு."

சுஹேல் வேலூருக்குப் பஸ் ஏறினார். ரஷீத் அஹமது கடையில் முதலில் காட்டியது ஆளுயர ஸ்பீக்கர். பாட்டுக்கு ஏற்றபடி நீலமும் சிவப்புமாக எரிந்தது.

"ஜோரா எரியுது பாய். குரல் வருமா?"

"குரலும் வரும்," என்றார் ரஷீத், அது ஏதோ இலவச இணைப்பு மாதிரி.

அடுத்தது நடுத்தரம். மூன்றாவது, மைக் சொருக ரெண்டே ரெண்டு துளையோடு பன்னிரண்டு இஞ்ச் கறுப்புப் பெட்டி. விலையும் இருப்பதிலேயே கம்மி. சுஹேல் மூன்றையும் தடவினார். முகர்ந்தும் பார்த்தார்.

"பாய், இது காதால பாக்கற சரக்கு," என்றார் ரஷீத். "மூணையும் எடுத்துட்டுப் போங்க. பாடிப் பாத்து ஒண்ண வெச்சிக்குங்க."

கிடங்கில் பாடிப் பார்த்தால் மூன்றுமே தேன். சூரியபிரகாஷே தலையாட்டினார். மூன்றும் ஒன்றுபோல இருக்கும்போது எவன் கூடுதலாகக் கொடுப்பான்? கறுப்புப் பெட்டி தங்கியது.

அந்த வாரம் கிடங்கு இருந்த நிலைமையையும் சொல்ல வேண்டும். ரெண்டு மாதமாக வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோய், தோல் கூரைவரை அடுக்கிக் கிடந்தது. முதலாளிக்குத் தூக்கம் இல்லை. சங்கீதத்துக்கு மட்டும் நல்ல காலம்.

வியாழக்கிழமை ஆர்டர் மறுபடி கிடைத்தது. கன்டெய்னர் வந்தது, கிடங்கு காலி. முதலாளி எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுஹேல் மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தார். கூ என்று ஒரு ஊளை. வெறும் சுவரும் தகரக் கூரையும் ஒரு சத்தத்தை நாலாக்கித் திருப்பிக் கொடுத்தன. வாழ்க்கையில் முதல்முறையாக சூரியபிரகாஷ் காதைப் பொத்தினார்.

"பாய், ரயில் இன்ஜின வாங்கியாந்துட்டீங்க," என்று செல்போனை எடுத்தார், ஆமிரைக் கூப்பிட.

சுஹேல் சுற்றிலும் பார்த்தார். போன வாரம் இருந்து இந்த வாரம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். போன வாரம் அவர் தேர்ந்தெடுத்தது ஸ்பீக்கரை இல்லை, எதிரொலியை விழுங்கிய தோலை.

"சூர்யா, அரை மணி நேரம் குடு."

பின்கட்டில் ரிஜெக்ட் தோல் மலையாகக் கிடந்தது. உண்ணி கடித்தது, ஓட்டை விழுந்தது, எதற்கும் லாயக்கில்லை என்று அவரே ஒதுக்கியது. அதைச் சுமந்து வந்து நாலு சுவரிலும் கொடி கட்டித் தொங்கவிட்டார். தமிழினி கிளிப் மாட்டினாள். தன் பங்குக்கு ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் தள்ளி, அதன் முகம் மைக்கைப் பார்க்காதபடி திருப்பினாள்.

சுஹேல் பாடினார். ஊளை இல்லை. எழுத்தெழுத்தாகக் கேட்டது. பாட்டு முடிந்ததும் தமிழினி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"பாய்," என்றாள் தமிழினி, "ரெண்டாவது சரணத்துல இன்னா பாடினீங்க?"

"பாட்டுதான்."

"இல்ல. லலலா, நானனா, மறுபடி லலலா. நாலு வருஷமா இதத்தான் பாடினீங்களா?"

சுஹேல் மைக் வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"குரல் கேக்கலன்னு பேஜாரா இருந்திச்சு," என்றார் சூரியபிரகாஷ். "இப்ப கேக்குது. ஆமிரையும் மண்டபத்துக்கு வரச் சொல்றேன். சரணம் வந்தா நீங்க, லலலா வந்தா அவன்."

அந்த வாரம் சுஹேலின் மனைவி அம்பரீன் பொறுப்பேற்றாள். தட்டை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். வார்த்தை தப்பினால் சால்னா அடுப்படிக்குத் திரும்பிவிடும். "லலலாவுக்கு இந்த வீட்ல சோறு கெடையாது," என்றாள். வெள்ளிக்கிழமை சுஹேல் வயிறாரச் சாப்பிட்டார்.

ரிசப்ஷனில் பல்லவிக்கும் முதல் சரணத்துக்கும் கைதட்டல். ரெண்டாவது சரணத்துக்கு அவர் மூச்சை இழுத்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக்கூடத்தின் கதவு திறந்தது. பிரியாணி இறக்கிவிட்டார்கள். மண்டபம் மொத்தமும் எழுந்தது. மாப்பிள்ளையின் மாமா ஓடினார். முன்வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்த ஆமிர் அவரையும் முந்தினார்.

சுஹேல் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடினார். ஒரு வார்த்தை பிசகவில்லை. பின்னால் டிரம்ஸ் சத்தம் தணிந்தது. கிட்டத்தட்ட கதவு தட்டுகிற அளவுக்கு.

பாட்டு முடிந்ததும் திரும்பினார். "கேட்டிச்சா?"

"கேட்டிச்சு பாய்," என்றார் சூரியபிரகாஷ்.