சங்குப் பால்

புளித்த பாலின் வாடை இன்றும் எனக்குக் குமட்டும். டீயில்கூடப் பால் வேண்டாம் என்பேன்.

எழுபதுகளில் செய்யூரில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. அந்த ஆண்டு மனைவிக்கு மாதவிலக்கு நின்றது. அம்மா பூரித்துப்போய்த் தெருவில் பதினோரு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். வயிறு பெருக்கவில்லை, மார்பில் பால் மட்டும் கசிந்தது. மருத்துவச்சி அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அதே பதினோரு வீடும் பிறகு வேறு மாதிரி பேசியது. சீ, என்ன வாய்கள்!

கூடவே பார்வையும் கெட்டது. கதவு நிலையில் இரண்டு தோளையும் இடித்துக்கொள்வாள். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவாள். செங்கல்பட்டில் கண் டாக்டரிடம் காட்டினோம். எதிரே இருந்த எழுத்தையெல்லாம் வாசித்தாள். அவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். பால் கசிவதைக் கண் டாக்டரிடம் சொல்வானேன் என்று பஸ்ஸிலேயே அம்மா எங்கள் வாயை அடைத்திருந்தாள்.

கண்ணாடியால் பயனில்லை. "தாய்ப்பால் வுட்டா சரியாப்பூடும்" என்றாள் அம்மா. எதிர்வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தினமும் ஒரு சங்கு வாங்கி வருவாள். குழந்தைக்குப் புகட்டும் பித்தளைச் சங்கு. கண்ணுக்கு இரண்டு சொட்டு என்பாள். நான் எண்ணினேன்; ஏழு, எட்டு விழும். வழிந்தது கழுத்தில் காய்ந்து நாறும். ஈ மொய்க்கும்.

ஒருநாள் மனைவி வெடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். ரவிக்கையின் முன்புறம் நனைந்திருந்தது.

"எங்கிட்டயே கீதே அத்த. இன்னாத்துக்கு ஊர்ல கையேந்திகினு கீறீங்க?"

"வாய மூடுடி. அது இன்னா பாலோ, எவன் கண்டான்!"

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அம்மாவும் தொற்றிக்கொண்டாள். அங்கே டாக்டர் தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, இரு பக்கமும் கையை விரித்து விரல்களைக் காட்டினார்.

"எத்தினி வெரல்மா?"

"கையே தெரியலியே சார்."

"மாருல பால் கசியுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

"வருது சார். இவங்க பொய் சொல்றாங்க" என்றாள் மனைவி.

மண்டையை எக்ஸ்ரே எடுத்தார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பியாம். அதில் கட்டி. பால் சுரப்பதும் அதனால்தான். கண் நரம்புகளை நெரிப்பதும் அதுதான். இன்னும் தாமதித்தால் இரண்டு கண்ணும் போகும் என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. வலது கண் தப்பியது. இடது கண்ணுக்கு நேரம் கடந்திருந்தது.

ஊர் திரும்பிய வாரமே அம்மா வாசலில் நின்று, குழந்தைக்குக் கண்வலி என்று வந்தவளிடம் அதே சங்கை நீட்டினாள். "எங்க வூட்ல தாய்ப்பால் வுட்டுத்தான் கண்ணு வந்துச்சு. நீயும் வுடு."

பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். மனைவி தலையை முழுக்கத் திருப்பி, மிஞ்சிய கண்ணால் அது விழுந்த இடத்தைப் பார்த்தாள்.

"தெரியற எடத்துல போட்டீங்களே. அத்த எடுத்துக் கழுவி வச்சிக்குவாங்க."

மறுநாள் காலையில் பார்த்தேன். அடுப்படி மாடத்தில், கழுவித்தான் வைத்திருந்தாள்.