இரண்டாவது வட்டமும் மாப்பிள்ளை வீட்டாரும்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கண்ணாடி இருந்ததாம். அதற்குள் ஒரு வெளிச்சம் போனால் வெளியே வரும்போது இரண்டாக வருமாம். அந்த இரண்டாவதைத் துரத்திப் பிடித்து ஒழிப்பதுதான் எங்கள் தொழில்.

தலையில் மாட்டிக்கொண்டு கண்ணுக்கு வெகு அருகில் படம் பார்க்கிற ஹெட்செட் இருக்கிறதல்லவா, அதன் லென்ஸ்களில் வேண்டாத பிரதிபலிப்பு எங்கே கிளம்புகிறது என்று கண்டுபிடித்துக் குறைக்கிறோம். தஞ்சாவூரில் சின்ன இடம், மொத்தம் ஆறு பேர். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் விழிக்கிறவர்கள் எல்லாரும் என் கட்சி. மேலே படியுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மாமாவின் யோசனை

வேலையில் சேர்ந்த புதிதில் கீழ்வேளூரில் தாய்மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பா நடவு முடிந்து ஓய்வாக இருந்தார். அங்கே அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டார். தாத்தாவிடம் கதை கேட்டே வளர்ந்தவன் நான். எதையும் ஆதியிலிருந்து தொடங்கித்தான் சொல்ல வரும், அதுவும் மெதுவாக. திரை, லென்ஸ், லென்ஸின் ஓரத்தில் மோதித் திரும்புகிற ஒளி, அது கண்ணுக்குள் மங்கலாக இன்னொரு படமாக விழுவது என்று முக்கால் மணி நேரம் சொல்லி, இருக்கக் கூடாத வெளிச்சத்தை இல்லாமல் செய்வதுதான் என் வேலை என்று முடித்தேன். மாமா பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அதுக்கு சுவிட்சை அமுக்கினா போதாதா மாப்ளே?”

மேசைமேல் பாஸ்போர்ட்

எங்கள் முதலாளி யூசுப் சார் ஷார்ஜாவில் பதினேழு வருஷம் கேமரா லென்ஸ் பழுது பார்த்தவர். இனி உன்னை விட்டுப் போக மாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு ஊர் திரும்பி இந்த இடத்தைத் தொடங்கினார். எங்களுக்கு வேலை தருவது சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுதான். அங்கிருந்து ஒருநாள் மெயில் வந்தது. எங்கள் கையால் போன ஹெட்செட்டில் சிலருக்கு இரண்டாவது பிம்பம் தெரிகிறதாம். மாதக் கடைசிக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

கண் இருக்க வேண்டிய இடத்தில் கேமராவை வைத்துச் சோதிக்கிற எந்திரம் ஒன்று எங்களிடம் உண்டு. எத்தனை தடவை பார்த்தாலும், ஒன்றுமே இல்லை என்று அது சாதித்தது. பழைய ஷார்ஜா கடைக்காரர் வேறு, திரும்பி வருகிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். யூசுப் சாரின் பாஸ்போர்ட் அலுவலக மேசைக்கு வந்துவிட்டது. பார்க்கவே என்னவோ போல் இருக்கிறது, வீட்டில் வைத்துவிடுங்கள் சார் என்றேன்.

“வீட்டில என் பொண்ணு கண்ணுல பட்டுடும் தம்பி, அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

ஏழு கல்

எந்திரம் கைவிட்ட பிறகு மனிதக் கண்ணைத்தானே நம்ப வேண்டும்? அக்கம்பக்கத்தில் தெரிந்தவர்களை அழைத்தோம். இருட்டில் ஒரே ஒரு வெள்ளை வட்டம்: அதுதான் சோதனைப் படம். முதலில் வந்த ராஜேஸ்வரி டீச்சர், வட்டத்துக்குக் கீழே பொட்டுப் பொட்டாக ஏழு மின்னுகிறது, கோலம் மாதிரி எவ்வளவு அழகு என்று பாராட்டினார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அரை நாள் லென்ஸைக் கழற்றி மாட்டி அந்த ஏழு பொட்டையும் தேடினோம்.

கடைசியில் யூசுப் சார் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். ஏழு கல் மூக்குத்தி. திரையின் வெளிச்சம் அதில் பட்டு லென்ஸுக்குத் திரும்பியிருக்கிறது. ஒரே ஒரு நிமிஷம் கழற்ற முடியுமா டீச்சர் என்று என்னால் முடிந்த அளவு பவ்யமாகக் கேட்டேன்.

“கழட்டறதுன்னா உங்க கண்ணாடியைக் கழட்டுங்க தம்பி, இது என் மாமியார் போட்டு விட்டது.”

எல்லாம் பிரமாதம்

அடுத்த பத்து நாளில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: நல்லா இருக்கு. வேறே ஏதாவது தெரியுதுங்களா என்று கேட்டால், ரொம்ப நல்லா இருக்கு. திருவையாற்றில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற வைத்தியநாதன் சார் மட்டும் பத்து நிமிஷம் பார்த்தார். நடுவில் ஒருமுறை புருவம் சுருங்கியது. நான் பேனாவைத் திறந்தேன். ஹெட்செட்டைக் கழற்றி இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்து, பிரமாதம் என்றார்.

அவர் பஸ் ஏறிப் போன பிறகு வாட்ச்மேன் உள்ளே வந்தார். வாசலில் அவர் சொல்லிவிட்டுப் போனதை அப்படியே ஒப்பித்தார்:

“பையன் அவ்வளவு பணிவா கேக்கிறான், ரெண்டா தெரியுதுன்னு எப்படிங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது?”

குத்தாலத்துப் பந்தி

உடனே போன் செய்தேன். அப்படிச் சொன்னதாக நினைவே இல்லை, படம் ரொம்ப நன்றாக இருந்தது என்று வைத்தியநாதன் சார் சத்தியம் செய்யாத குறை. மாதக் கடைசிக்கு ஆறு நாள்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குத்தாலத்தில் மாமா மகளுக்குக் கல்யாணம். என் கையில் ரச வாளியைக் கொடுத்துவிட்டார்கள். முதல் பந்தியில், மாப்பிள்ளையின் பெரியப்பா என்று நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் யார் என்கிறீர்கள்? அதே வைத்தியநாதன் சார். ஆனால் அதே மனிதர் இல்லை. இலை நுனி கிழிந்திருக்கிறது, கூட்டில் உப்பு இரண்டு தடவை விழுந்திருக்கிறது, ஃபேன் பெண் வீட்டார் பக்கமே சுற்றுகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்றுகூடப் பொய்யில்லை. மாமா கைகட்டி நின்றார். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாளியோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

“என்ன தம்பி வேடிக்கை, மாப்பிள்ளை வீட்டு வரிசைக்கு ஆறின ரசம்தான்னு யாராவது சொல்லி அனுப்பினாங்களா?”

சம்பந்தி பார்வை

செவ்வாய்க்கிழமை கெஞ்சிக் கூத்தாடி அவரை மறுபடி வரவழைத்தேன். ஹெட்செட்டைக் கொடுக்கும் முன் ஒன்றே ஒன்று சொன்னேன்: இன்றைக்கு நீங்கள் மாப்பிள்ளை வீடு, நாங்கள் பெண் வீடு. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெல்லக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

எழுத என் கை போதவில்லை. வட்டத்துக்குக் கீழே வெளிறிப்போய் இன்னொரு வட்டம் இருக்கிறது. இடது கண்ணில் மட்டும். நேரே பார்த்தால் இல்லை, பார்வையைத் தாழ்த்தினால் வருகிறது. கண்ணை இடப்பக்கம் ஓட்டினால் அது வலப்பக்கம் நழுவுகிறது. எங்கள் எந்திரம் நேரே தவிர வேறெங்கும் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இடது லென்ஸைக் கழற்றினோம். வெளிச்சம் மோதித் திரும்பாமல் இருக்க அதன் ஓரம் முழுக்கக் கறுப்பு பூசுவோம். பூசும்போது பிடித்துக்கொள்ளும் கிளிப் பட்ட இடத்தில், கீழ் ஓரத்தில், நகக்கீறல் அளவு பூச்சு விட்டுப்போயிருந்தது. யூசுப் சார் அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, வந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாமே சார் என்றார்.

“அன்னைக்கு நான் விருந்தாளிங்க.”

கடைசிப் பார்வை

கிளிப்பை மாற்றினோம், ஓரங்களை மறுபடி பூசினோம். மாதக் கடைசி நாளன்று சிங்கப்பூர் இன்ஜினியர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, வைத்தியநாதன் சார் ஹெட்செட்டை மாட்டினார். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று அரை மணி நேரம். கழற்றினார். இரண்டாவது வட்டம் இல்லை என்று, ஏதோ வழக்கில் தோற்றவர் மாதிரி ஒப்புக்கொண்டார். சிங்கப்பூர்க்காரர் வேலை உங்களுக்கே என்றார். யூசுப் சார் பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் போட்டு, மகளைப் பள்ளியிலிருந்து தானே அழைத்து வருவதாக வீட்டுக்கு போன் செய்தார்.

வைத்தியநாதன் சார் வாசல்வரை போய்த் திரும்பினார்.

“எல்லாம் சரிதான், வந்தவங்க கையில ஒரு தாம்பூலப் பை கொடுக்கணும்னு இந்த வீட்டில யாருக்கும் தோணலையே.”

யூசுப் சாரே எதிர்க்கடைக்கு ஓடித் தேங்காயும் வெற்றிலை பாக்கும் வாங்கி வந்தார். தேங்காயைக் காதருகே வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, வைத்தியநாதன் சார் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

இப்போதெல்லாம் சோதனைக்கு ஆள் கூப்பிடும்போது பார்வை எப்படி என்று நாங்கள் விசாரிப்பதில்லை, வீட்டில் கல்யாணத்துக்குப் பையன் இருக்கிறானா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.