லட்டுவின் குறட்டை

முதலில் என் அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு நாய் விடும் குறட்டையைக் கேட்டுக்கொண்டே, ஜெர்மனியில் மூன்று முறை இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவன் நான். அங்கே மதியம் இரண்டு மணி என்றால் இங்கே பனிக்காலக் காலை ஒன்பதரை. சாப்பாடு முடிந்ததும் அக்கா ஃபோனை லட்டுவின் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தானும் படுத்துவிடுவாள். ட்ராமில் என் ஒரு காதில் லட்டு; மறு காதில் அடுத்த நிறுத்தத்தின் பெயர் சொல்லும் பெண்குரல். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக் கூரைகள் நகரும். நானோ சிமெண்டுத் தரையின் குளுமையில் கைலியோடு மிதந்துகொண்டிருப்பேன்.

லட்டு பக் ஜாதி நாய். அத்தான் காலமான வருடம், அக்கா தனியாக இருக்கிறாளே என்று விடுமுறையில் வந்தபோது நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இருந்ததிலேயே மூக்கு சப்பையான குட்டியாகப் பொறுக்கி எடுத்தேன். முகவெட்டு என்னைப் போலவே இருக்கிறது என்றாள் அக்கா. அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன கோடையில் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை நடந்துவிட்டுத் திரும்பும்போது, நாக்கு நீலம் பாரித்து லட்டு சரிந்தது. தென்னூரில் பார்த்த மருத்துவர், மூக்குத் துளை வெறும் கீறலாக இருக்கிறது, உள்ளே அண்ணத்தின் சதை நீண்டு மூச்சுக்குழாயை மறிக்கிறது, துளையை அகலமாக்கிச் சதையைக் கத்தரிக்கவேண்டும் என்றாராம். வாசல் திரை நீளமாகிக் காலைத் தடுக்கிற மாதிரிதான் என்றும் விளக்கினாராம். அக்கா என்னைக் கேட்டாள். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. மயக்க மருந்து ஆபத்து என்றேன். குறட்டை விட்டுத் தூங்கினால் நிம்மதி என்று அர்த்தம் என்றேன். சொல்லாமல் விட்டது இதுதான்: அந்தக் குறட்டையும் நின்றுவிட்டால் ஊரிலிருந்து எனக்கு வேறென்ன சத்தம் வரும்?

ஒரு நாள் பக்கத்து இருக்கை மூதாட்டி, என் காதிலிருந்து கசிந்ததைக் கேட்டு என்னவென்று விசாரித்தார். இந்த ஊரில் ட்ராமில் ஒருவர் நம்மிடம் பேசுவதே திருவிழா. லட்டுவின் படத்தைக் காட்டி, இயர்போனையும் நீட்டினேன். அவர் முகம் சுருங்கியது. இரண்டு விரலால் தன் மூக்கைப் பிடித்துக் காட்டினார். நாற்றத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, சனிக்கிழமைதோறும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறோம் என்று என் அரைகுறை ஜெர்மனில் உறுதி கூறினேன். அவர் விரலை எடுக்கவில்லை, வாயையும் மூடிக்கொண்டார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்கும் வரை என்னையே பார்த்திருந்தார். பிறகு இரைக்க இரைக்க ஒரே ஒரு சொல்: "லுஃப்ட்."

காற்று. இத்தனை நாள் நான் தாலாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அது கிடைக்காத சத்தத்தை.

அங்கேயே இறங்கி அக்காவை அழைத்தேன். நான் சொன்னதெல்லாம் தப்பு, ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்றேன்.

"தேதி எப்பவோ வாங்கியாச்சுடா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சிட்டிருந்தேன்."

வெயில் ஏறுமுன் ஈரத்துண்டு போர்த்தி, ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுபோனாள். ஆபரேஷன் முடிந்து கண் திறந்த பிறகும், தொண்டையில் செருகியிருந்த மூச்சுக் குழாயை உடனே எடுக்கவில்லையாம். வீக்கத்தில் மூச்சு அடைத்துவிடக் கூடாதென்று, லட்டுவே அதைக் கடித்துத் துப்பப் பார்க்கும் வரை விட்டிருந்தார்களாம். அவ்வளவு நேரமும் அக்கா அதன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஆபீஸில் யார் எது சொன்னாலும் "யா, யா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, மறுபடி அங்கே மதியம், இங்கே காலை. ஃபோன் தலைமாட்டுக்குப் போனது. காதை அழுத்திக்கொண்டேன். மின்விசிறியின் டக் டக். ஒரு காகம். உத்தர வீதியில் எங்கோ ஸ்கூட்டர் ஹாரன். குறட்டை இத்தனை நாள் மூடிவைத்திருந்த ஊர் முழுவதும் மெல்ல மெல்லக் காதுக்குள் நிறைந்தது. லட்டு மட்டும் இல்லை. மறு காதில் என் நிறுத்தத்தின் பெயர் வந்தது, கதவு திறந்தது. ஒரு கால் படியில், ஒரு காது ஸ்ரீரங்கத்தில். "அக்கா, லட்டு இருக்கா?" என்றேன்.

படுத்தவாக்கில் பதில் வந்தது.

"அது நல்லா மூச்சு விடுது, நீ இறங்கு."