மூலையில் மஞ்சள்

பணி விவரக் குறிப்பின் மூன்றாம் பத்தி தேவமலரை இப்படிச் சொல்கிறது: "வெளிப்படையான கொள்முதல் நடைமுறைகளை முன்னின்று வழிநடத்தி, விநியோகிப்பாளர்களிடையே ஆரோக்கியமான போட்டியைத் தூண்டும், துடிப்பும் முனைப்பும் மிக்க அலுவலர்." மலாய் மொழியில் இது இன்னும் கம்பீரமாக இருக்கும்.

ஐம்பத்தாறு வயதில் தேவமலர் தூண்டுவது வெள்ளிக்கிழமை விளக்குத் திரியை மட்டும்தான். டுரியான் துங்கால் சந்தையில் இருபது வருடமாக ஒரே ஆளிடம்தான் காய்கறி வாங்குகிறார். விலை கேட்டதில்லை. கேட்டால் அந்த மனிதர் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று பயம். கல்யாணத்துக்கு வந்ததும் ஒரே ஒரு ஜாதகம். "மூணு கொட்டேஷனாவது கேட்டிருக்கலாமே" என்று கணவர் தம்புசாமி இன்றைக்கும் கேலி செய்வார். "கேட்டிருந்தா நீங்க செலெக்ட் ஆயிருக்க மாட்டீங்க" என்பார் தேவமலர். அவர் வாழ்க்கையில் போட்டி என்பது அந்த ஒரு வாக்கியத்தோடு சரி.

அவர் வேலை பார்ப்பது டுரியான் துங்காலிலிருந்து காரில் பத்து நிமிடம் தள்ளி, செம்பனைக்கு நடுவே நிற்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகள் இடிந்து, ஜனங்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். பள்ளி மட்டும் போகவில்லை. தொண்ணூற்று நான்கு பிள்ளைகள் தினமும் வேனில் வந்து சேர்கிறார்கள். அங்கே அலுவலக எழுத்து வேலைக்குக் கெராணி என்று இருப்பது தேவமலர் ஒருவர்தான். சம்பளப் பட்டியல், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், ஒழுகும் குழாய், பாம்பு வந்தால் தீயணைக்கும் பொம்பாவுக்குப் போன் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கொள்முதல் அதில் ஒரு மூலை.

அந்த மூலையில்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பள்ளிச் சிற்றுண்டிக் கடையான கெண்டினின் குத்தகை வரும்.

முறை இதுதான். அறிவிப்பு ஒட்ட வேண்டும். விண்ணப்பித்தவர்கள் விலைப்புள்ளியை ஒட்டிய உறையில் போட்டு, பூட்டிய பெட்டியில் சேர்க்க வேண்டும். பெட்டிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று தலைமையாசிரியரிடம், ஒன்று கெராணியிடம். யாரும் தனியாகத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. தலைமையாசிரியர் புவனேஸ்வரன் தன் சாவியை இரண்டு தடவை தொலைத்துவிட்டு, "பத்திரமா இருக்கட்டும்மா" என்று தேவமலரிடமே கொடுத்துவிட்டார். ஆகவே இரண்டு சாவியும் ஒரே வளையத்தில், அவருடைய கைப்பையில், தலைவலி மாத்திரைக்குப் பக்கத்தில் இருந்தன.

பதினொரு வருடமாகப் பெட்டியில் விழுவது ஒரே உறைதான், முத்தாயியின் உறை. ஒரே ஆள் ஓடும் பந்தயத்தை நடுவர், கொடி, விசில் எல்லாம் வைத்துச் சட்டப்படி நடத்தி, முதல் பரிசை அவருக்கே கொடுப்பார்கள். முத்தாயிக்கு அறுபதாகப் போகிறது. அதே தோட்டம் ரப்பராக இருந்தபோது பால் வெட்டியவர். இப்போது காலை ஐந்து மணிக்கு வந்து நாசி லெமாக் சோறும் மீகூன் சேமியாவும் போடுகிறார். அவருடைய வடையைப் பற்றித் தேவமலருக்குத் தனிப்பட்ட கருத்து உண்டு. அதைப் பல் வைத்தியரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ஆனால் கெண்டின் போனால் முத்தாயிக்கு வேறு பிழைப்பு இல்லை என்பதும், அறுபது வயதில் அவரை யாரும் வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்பதும் தேவமலருக்குத் தெரியும்.

இந்த அக்டோபரில் தலைமையாசிரியர் அறிவிப்பை முகநூலில் போட்டுவிட்டார். நான்கு பேர் விண்ணப்பப் பாரம் வாங்கினார்கள். அதில் ஒருவர் தெங்கேராவில் கேட்டரிங் கம்பெனி நடத்தும் சுரேன். வேன் ஒன்றும் சீருடை போட்ட ஆட்களும் உள்ளவர். மூன்றாம் பத்தி கேட்ட ஆரோக்கியமான போட்டி கடைசியில் வந்தே விட்டது. தேவமலருக்கு அன்றைக்கு மாலையே தலைவலியும் வந்தது.

பாரம் வாங்கிய அன்று முத்தாயி அலுவலக முகப்பில் நின்று கேட்டார். "கெராணியம்மா, ஒரே ஒரு கேள்விதான். உறைக்கு மஞ்சள் வைக்கலாந்தானே? நல்ல காரியம், வெறுமனே குடுக்கக் கூடாது பாருங்க."

தேவமலருக்குப் பதில் தெரியும். நான்காம் பக்கம், பதினோராம் விதி: உறையின் மேல் விண்ணப்பதாரரை அடையாளம் காட்டும் பெயர், முத்திரை, குறி எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் தள்ளுபடி. ஆனால் இன்னொரு விதியும் தெரியும். ஒருவருக்குச் சொல்லும் விளக்கத்தை மற்றவர்களுக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். அப்படியானால் ஒரு கடிதம், நான்கு பிரதி, தலைமையாசிரியர் கையெழுத்து, எல்லாருக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி. மணி அப்போது மூன்றரை. அதற்கு முந்தைய வாரம்தான் தணிக்கைக்காக எழுபது கோப்புகளை எடுத்து அடுக்கியிருந்தார்.

"எல்லாம் அதுலயே எழுதியிருக்குக்கா. நாலாம் பக்கம் பாருங்க" என்றார்.

நடுநிலையான பதில். முத்தாயி பாரத்தைக் கொண்டுபோய் மருமகள் அனுசியாவிடம் கொடுத்தார். அனுசியா நன்றாகப் படித்த பெண். கோடு போட்ட இடங்களையெல்லாம் அழகான மலாயில் நிரப்பினார். பதினோராம் விதியில் நிரப்ப வேண்டிய கோடு ஏதும் இல்லை; ஆகவே அதைப் படிக்கவில்லை. உலகத்தில் எல்லோரும் பாரம் நிரப்புவது அப்படித்தான்.

திங்கட்கிழமை காலை, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு முத்தாயி வந்து உறையைப் பெட்டியில் போட்டார். போடுமுன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான்கு மூலையிலும் மஞ்சள், கல்யாணப் பத்திரிகை மாதிரி. தேவமலர் கணினித் திரையைப் பார்த்தபடி அதைப் பார்த்தார்.

அன்றிலிருந்து கெண்டின் பக்கம் போகவில்லை. வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்து மேசையிலேயே தின்றார். விண்ணப்பதாரரோடு பழகக் கூடாது என்பது விதி. முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பது நிஜம். இரண்டும் ஒரே திசையைக் காட்டியதால் விதியின் பெயரைச் சொல்லிக்கொண்டார்.

"என்னாலா கெராணியம்மா, மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போறீங்க? என் கையால தின்னா விஷமா?" என்று முத்தாயி புதன்கிழமை கார் நிறுத்துமிடத்திலேயே பிடித்துக் கேட்டார்.

"டயட்டுக்கா."

"உங்களுக்கு எதுக்கு டயட்டு? ஏற்கெனவே துடப்பக்குச்சி."

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு முடிவு நேரம், திறப்பு இரண்டரைக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் பெட்டியும் இரண்டு சாவியும் தேவமலரும் ஒரே அறையில் இருந்தார்கள். கைப்பையைத் திறந்து சாவி வளையத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தார். ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும் என்று மனம் சொன்னது. முப்பது வருடம் சமைத்த கை அதை மறுத்தது. மஞ்சள் கறை துடைத்தால் போகாது, பரவும். அவருடைய நேர்மைக்கும் அந்தக் கறைக்கும் அன்று பங்கு பாதிப் பாதி. மாத்திரையை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு பையை மூடினார்.

இரண்டரைக்குக் குழு கூடியது. தலைமையாசிரியர், ஆசிரியர் காந்தன், பக்கத்து தேசியப் பள்ளியிலிருந்து வெளி உறுப்பினராக வந்த ரோஸ்னா டீச்சர். தேவமலர் செயலாளர், குறிப்பெழுதுவது மட்டும்தான் அவர் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறந்ததாகக் குறிப்பில் இல்லை. குறிப்பை எழுதியவர் அவரே என்பதால் அதை நம்பலாம்.

பெட்டி திறந்தது. நான்கு உறைகள். நான்கும் டுரியான் துங்கால் புத்தகக் கடையில் விற்கும் அதே பழுப்பு உறை. மூன்றில் நான்கு மூலையிலும் மஞ்சள். ஒன்று மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது.

"இது என்ன, குழம்பு கொட்டிடுச்சா?" என்று ரோஸ்னா டீச்சர் மலாயில் கேட்டார்.

காந்தன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். புவனேஸ்வரன் சிரிக்கவில்லை. பதினோராம் விதியை விரலால் தொட்டுக் காட்டினார். "குறி இருக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. மூணும் ரிஜெக்ட். மிச்சம் இருக்கறது ஒண்ணுதான். எழுதிக்குங்கம்மா."

"பாவம் சார், சாமிக்கு வெச்சது" என்றார் காந்தன்.

"சாமி வந்து ஆடிட்டுக்கு பதில் சொல்லுமா? நான்தானே நிக்கணும்."

தேவமலர் பேனாவை எடுத்தார். தேதி எழுதினார், நேரம் எழுதினார். மூன்று உறைகள் தள்ளுபடி என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. நாலாம் பக்கம் பாருங்க என்று சொன்ன தன் குரல் தனக்கே கேட்டது. ஒரு கடிதமும் நான்கு பிரதியும் எழுத அலுப்புப்பட்டதால், மூன்று பேர் பிழைப்பு இங்கே மஞ்சளும் மூலையுமாகக் கிடக்கிறது.

"சார், இந்த மூணுல எது யாரோடது?"

புவனேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலி பேசியது மாதிரி இருந்திருக்கும். "எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்கும் தெரியல சார். திங்கக்கிழமை ஒருத்தங்க மஞ்சளோட போட்டத நான் பாத்தேன். அதயும் எழுதிடறேன். ஆனா இந்த மூணுல அது எதுன்னு கேட்டா சொல்ல முடியாது. விதியில சும்மா குறின்னு இல்ல. ஆள அடையாளம் காட்டுற குறின்னு இருக்கு. இது யாரைக் காட்டுது?"

"இருந்தாலும்..."

"சரி சார், அந்த வெறும் உறை யாரோடது?"

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த வட்டாரத்தில் நல்ல காரியத்துக்கு மஞ்சள் வைக்காமல் உறை அனுப்பக்கூடிய ஒரே ஆள், ஆபீஸ் பையனிடம் கொடுத்து அனுப்பும் கம்பெனிக்காரர்தான்.

"நமக்கு யாரோடதுன்னு தெரிஞ்ச உறை அது ஒண்ணுதான் சார்" என்றார் தேவமலர். "விதிப்படி தள்ளணும்னா அதத்தான் முதல்ல தள்ளணும். தள்ள வேண்டாம். நாலையும் திறந்துடலாம்."

காந்தன் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

தேவமலர் எல்லாவற்றையும் மலாயில் இன்னொரு முறை ரோஸ்னா டீச்சருக்குச் சொன்னார். அவர் ஓர் உறையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "உங்க பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வருஷா வருஷம் எங்களுக்கு அழைப்பிதழ் வருதே, அதிலும் மூலையில மஞ்சள் இருக்கும். அச்சுக்காரன் சுத்தமில்லாத ஆள்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்." பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தார். "எல்லாரும் வைக்கிறதுன்னா அது யாருக்கும் அடையாளம் இல்லையே. எனக்கு ஆட்சேபம் இல்லை. காரணத்தை எழுதி வைங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

வெளியார் கையெழுத்துக்கு ஒரு மரியாதை உண்டு. புவனேஸ்வரன் பெருமூச்சு விட்டார். "விவரமா எழுதுங்கம்மா. ஆடிட்டர் தமிழரா இருக்கமாட்டார்."

தேவமலர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். மஞ்சள் என்றால் என்ன, எதற்கு வைப்பார்கள், ஏன் நான்கு மூலை என்றெல்லாம் அரசாங்க மலாயில் எழுதுவது எளிதல்ல. தலைவலி திரும்ப வந்தது. நான்கு உறைகளும் திறந்தன. அடுத்த வாரம் மதிப்பெண் போட்டார்கள். விலை, பத்திரம், சுகாதாரச் சோதனை எல்லாம் கூட்டியதில் முத்தாயிக்கு எண்பத்தொன்று, தெங்கேரா கம்பெனிக்கு எழுபத்தெட்டு. சுவைக்கு மதிப்பெண் கிடையாது. அந்த விதத்தில் நடைமுறை இரக்கமுள்ளது.

குத்தகைக் கடிதம் வாங்க வந்த முத்தாயி முகப்பில் நிமிர்ந்து நின்றார். "பாத்தீங்களா கெராணியம்மா? நீங்க மூஞ்சத் திருப்பினாலும் ஆத்தா திருப்பல. மஞ்சள் வெச்சதாலதான்லா கிடைச்சிருக்கு."

குழுவில் நடந்தது ரகசியம்; வெளியே சொல்லக் கூடாது. "இங்க ஒரு கையெழுத்து போடுங்கக்கா" என்றார் தேவமலர்.

முத்தாயி போட்டார். போகும்போது திரும்பி, "அடுத்த தடவ குங்குமமும் வெக்கணும்" என்றார்.

அடுத்த நாள் டயட்டை முடித்துக்கொண்டு தேவமலர் கெண்டினுக்குப் போனார். டீ வந்தது, முக்கால் கிளாஸ்தான். ஆசிரியர்களுக்கு முழு கிளாஸ். இரண்டு வடை வாங்கினார். ஒன்றைத் தின்றார்.

டிசம்பரில் ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் வந்தது. மூன்றாம் பத்தியை அப்படியே மேலே அச்சடித்து, அதன் கீழ் "இவ்வாண்டில் ஆற்றிய சிறப்புப் பங்களிப்பு" என்று ஐந்து கோடுகள் விட்டிருந்தார்கள். கோடு இருந்தும் தேவமலர் நிரப்பவில்லை. சின்னதாக ஒரு கிடைக்கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்த ஆண்டில் அவர் முத்தாயியின் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டார். பிறகு நான்கு உறைகளையும் திறக்கவைத்து, ஏன் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினார்.