சேகரும் மூன்று ஆம்ப்பும்

செய்தி வந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான், என் கணவர், கீபோர்டு வாசிக்கும் பாஸ்கர். நான்காவதாக வரவேண்டியவர் சேகர். தான் கிட்டாரில் வாசித்துப் பதிவு செய்த பாட்டைக் கேட்க எங்கள் வீட்டுக்கு வருவதற்காகத் தஞ்சாவூரில் திருவையாற்று பஸ்ஸுக்கு நின்றவர், நின்ற இடத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அவருடைய மைத்துனர் போன் செய்தார். பாஸ்கர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கிட்டார் எங்க இருக்கு?" என்றார். துக்கத்தில் வாய் என்ன கேட்கும் என்பது நம் கையில் இல்லை.

திருவிழா மேடைகளில் சேகரைப் பார்த்த உங்களுக்கு அவருடைய சிரித்த முகம் நினைவிருக்கும். பிரதோஷ பஜனையைப் பதிவு செய்வதற்காக நானே கம்ப்யூட்டரும் மைக்கும் பழகிக்கொண்டேன். அதைக் கேள்விப்பட்டு ஒருநாள் வந்து பார்த்தவர், மறுவாரம் ஸ்பீக்கரோடு சேர்ந்த மூன்று ஆம்ப்ளிஃபையர் பெட்டிகளை ஆட்டோவிலிருந்து இறக்கினார்.

"ஒரே கிட்டார்தானே தம்பி, மூணு எதுக்கு?"

"சின்னது குத்தும், பெரிசு முழங்கும், வால்வு போட்ட பழசு அழும்க்கா. மனுசனுக்கு மூணும் வேணும்ல?"

மூன்றையும் ஒரே அறையில் வைத்தால் ஒன்றின் சத்தம் மற்றதன் மைக்கில் விழும். அதனால் பெரியதை நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் வைத்தோம். மூட்டைகள் எதிரொலியைத் தின்றுவிடும். சின்னதை வைக்க அவர் கண் பூஜையறை மேல் போயிற்று.

"சாமியும் கொஞ்சம் கேக்கட்டுமேக்கா."

"அவருக்கு எங்கேருந்தாலும் கேக்கும். நீங்க அதைக் குளியலறைக்குத் தூக்கிட்டுப் போங்க."

அதன்பிறகு என் கணவர், "இன்னிக்கு நான் குளிக்கலாமா, கச்சேரி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் துண்டை எடுப்பார்.

முதல் பதிவு வினோதமாக இருந்தது. மூன்றையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை மட்டும் போட்டதைவிட ஒலி மெலிந்து கேட்டது. எனக்குச் சாமி தூக்குவது நினைவுக்கு வந்தது. கால் மாறி, முன்தண்டுக்காரர் ஏறும்போது பின்தண்டுக்காரர் இறங்கினால் எத்தனை தோள் இருந்தும் பல்லக்கு தள்ளாடும். தேடியதில் ஒரு ஸ்பீக்கரில் ஒயரை மாற்றி இணைத்திருந்தது தெரிந்தது. கம்ப்யூட்டரில் அந்த ஒன்றின் அலையை மட்டும் தலைகீழாக்கியதும் ஒலி நிறைந்து நின்றது. "கால் மாறியிருந்துச்சு தம்பி" என்றேன். அவருக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. ரசத்தில் உப்பு கூடினால்கூட, "கால் மாறிப்போச்சுக்கா" என்பார்.

கடைசியாக வாசித்தது அவரே கட்டிய மெட்டு. வார்த்தை கிடையாது. அன்று வால்வு ஆம்ப்பை மட்டும் கூடத்தில் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அதை ஒட்டி நின்றால் அதன் ஒலியே தந்தியைத் திரும்ப அதிரவைத்து, கடைசிச் சுரத்தை அணையவிடாமல் பிடித்துக்கொள்ளும். அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் கேட்டோம். வாசித்து முடித்து வெளியே வந்தவரின் சட்டை நனைந்திருந்தது.

"வாயுக்கா. கொஞ்சம் வெந்நீர் குடுங்க."

"டாக்டரப் பாருங்க சேகர்" என்றார் என் கணவர்.

"இந்த ஊரே வாயுலதான் சார் ஓடுது" என்று சிரித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

அடுத்த தடவை அவரை ஐஸ் பெட்டிக்குள்தான் பார்த்தேன். தலைமாட்டில் அவர் மனைவி சாந்தி அழாமல் உட்கார்ந்திருந்தாள். "கூட இருக்கிறவளுக்குக்கூடவா தெரியாமப்போச்சு?" என்று உறவில் ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். சாந்தி என் கையைப் பிடித்து, "ஒருநாளாவது முடியலன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா. நான் என்ன பேயா?" என்றாள்.

பிறகு பாட்டைச் சரிசெய்ய உட்கார்ந்து, ஒவ்வொரு ஆம்ப்பையும் தனியாகக் கேட்டேன். நெல் அறையில் கிட்டார் மட்டும். குளியலறையிலும் அப்படியே. அவர் பக்கத்தில் இருந்த வால்வு ஆம்ப்பின் மைக்கில் அவர் மூச்சும் விழுந்திருந்தது. பாட்டு நெடுக இரைப்பு. கடைசிச் சுரம் இன்னும் நின்றுகொண்டிருக்கையிலேயே, அடியில் மெதுவாக, "முடியல சாந்தி" என்று ஒரு குரல். மூன்றும் சேர்ந்து முழங்கியபோது எங்கள் காதில் விழாதது அது. தெரிந்துவிட்ட காதுக்கு இப்போது மூன்றையும் சேர்த்துப் போட்டாலும் கேட்கிறது.

நேரில் போய்ச் சாந்தியிடம் அதைச் சொன்னேன், சேகரைப் பற்றி ஊர் படிக்க ஒரு குறிப்பு எழுதப்போவதையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

"எம் பேரைச் சொன்னாரா?"

"சொன்னார்."

"அப்ப அதையும் எழுதுங்கக்கா. என்னை ஏசினவங்க படிக்கட்டும்."

அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் பாட்டைக் கேட்க அவள் இன்னும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் அதைப் போடவேண்டும் என்று அவரோடு மேடையில் வாசித்த குழுவினர் கேட்கிறார்கள். குரல் வரும் இடத்தை மட்டும் வெட்டினால் சுரம் பாதியில் அறுந்துவிடும். வால்வு ஆம்ப்பை முழுவதும் எடுத்துவிட்டால் குரல் இருக்காது. பாட்டின் அழுகையும் இருக்காது. "ஊருக்கு முன்னாடி வேண்டாம்க்கா, எடுத்துடுங்க" என்கிறார் பாஸ்கர். இருக்கட்டும் என்கிறார் என் கணவர். சுவாமி முன் நின்று கேட்டுப் பார்த்தேன். இது நான் தீர்க்கிற கணக்கு இல்லை என்பது மட்டும் தெளிந்தது.

சேர்ந்து கேட்டதைத் தனித்தனியாகவும் கேட்பது, இதுதான் சேகரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. விளக்கேற்றும்போது வீட்டில் யார் மூச்சு எப்படி வருகிறது என்று காது தானாகப் போகிறது. வாயு என்று யார் சொன்னாலும் இப்போது நான் விடுவதில்லை.

சாந்தி, இரண்டு விதமாகவும் பாட்டு தயாராக இருக்கிறது. எதைப் போடவேண்டும் என்று நீதான் சொல்லவேண்டும். காரியத்துக்கு முன்னால் சொல்லிவிடம்மா.