பாதி விலைக் கேஸ் குழாய்

எனக்கு ஒழுங்காக எழுத வராது, மறதியும் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குண்டசாலையில் இருக்கிறோம். எங்கள் கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டதால், புதியது வாங்க மகன் கண்டி டவுனுக்குப் போனான். கடையில் விலை கூடுதலாம். நடைபாதை வியாபாரியிடம் பாதி விலைக்கு வாங்கி வந்து மாட்டினான்.

“பேரம் பேசியே அந்தாள அழ வச்சிட்டேம்மா!” என்று சிரித்தான். குழாயில் தர முத்திரை ஏதும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம். எங்கள் சாமித் தட்டு, அடுப்பு இருக்கும் குசினிச் சுவரில்தான் இருக்கிறது. மருமகள் விளக்கில் எண்ணெய் ஊற்றித் தீப்பெட்டியை எடுத்தாள். சளி பிடித்திருந்ததால் அவளுக்கு மணம் தெரியவில்லை. எனக்குக் குப்பென்று அடித்தது.

“பத்த வைக்காத!” என்று கத்தினேன். நான் கத்தியதை அவள் அதுவரை கேட்டதே இல்லை.

“என்னங்க அத்தை, வெள்ளிக்கெழமை வெளக்கு ஏத்த வேணாங்குறீங்க?” என்றாள். குச்சி அவள் விரலிலேயே இருந்தது.

“கேஸ் நாறுதுடி, கீழ போடு!”

சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு இருவரும் முற்றத்துக்கு ஓடினோம். மகன் வந்து சவர்க்கார நுரை தடவிப் பார்த்தபோது குழாயின் நடுவில் குமிழ் குமிழாக வந்தது. மறுநாளே கடைக்குப் போய், முத்திரை உள்ளதை முழு விலை கொடுத்து வாங்கினான். இப்போதெல்லாம் தீப்பெட்டியை எடுக்கும் முன் ஒருமுறை மோந்து பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் குழாயையும் சில வருடங்களில் மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னார்களாம். எத்தனை வருடம் என்பது நினைவில்லை. விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்து இதில் எழுதிவிடுங்கள்.