நவமணி அக்கா அவிழ்த்த கைகள்

நவமணி அக்கா மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். நோயாளிகளைத் துடைப்பது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது. நான் அதே வார்டில் தரை துடைப்பவள். அவர் வீடும் என் வீட்டைப் போலப் புந்தோங் பக்கம்தான்.

போன வருடம் ராக்காயி என்ற வயதான அம்மாவைக் கொண்டுவந்தார்கள். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். மறதி நோய் முற்றி, பெற்ற மகனின் பெயர்கூடப் போய்விட்டது. இனிச் சில வாரம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கை மட்டும் சும்மா இருக்கவில்லை. ட்ரிப் ஊசி மேல் ஒட்டிய பிளாஸ்டரை உரிப்பார், உருட்டுவார், இடுப்புப் பக்கம் போடுவார். ஊசி கழன்று ரத்தம் வரும். தாதிகள் இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். அதன்பின் அவர் வாயைத் திறக்கவில்லை. பேச்சும் இல்லை, கஞ்சியும் இல்லை.

அக்கா ஒரு காலை முழுக்க அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஊசியப் பிடுங்கலடி. ஒட்டுப்பால் எடுக்குது."

அக்காவின் அம்மாவும் மரம் வெட்டியவர். வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டால்தான் மறுபடி கத்தி வைக்க முடியும்.

அக்கா ஒரு பிளாஸ்டிக் கோப்பை முழுக்கப் பிளாஸ்டர் துண்டுகளை ஒட்டினார். ஊசி ஏறிய கையைப் பேண்டேஜால் சுற்றினார். கட்டை அவிழ்த்து, பால் பிடிக்கும் மங்கு மாதிரி அந்தக் கோப்பையை ராக்காயி மடியில் வைத்தார்.

"மங்கு ஏன்டி இவ்ளோ அழுக்கா இருக்கு? உன்னையெல்லாம் எவன்டி வேலைக்கு எடுத்தான்?" என்றார் ராக்காயி.

"தண்டல்தாம்மா. அவருக்குக் கண்ணு தெரியாதுலா," என்றார் அக்கா, தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணியைச் சொல்லி.

"ஆமா, பொம்பளைங்கள மட்டும் நல்லாத் தெரியும்."

அன்று நான்கு கரண்டி கஞ்சி இறங்கியது. பதினோரு நாள் கை கட்டாமல் இருந்தார்.

பன்னிரண்டாம் நாள், மகள் தினேஸ்வரியைக் கல்லூரியில் சேர்க்க அக்கா இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். கையைக் கட்ட வேண்டாம், கோப்பையைக் கொடுங்கள் என்று மலாய் மொழியில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார்.

"நீயும் பாத்துக்க. யாராச்சும் கட்ட வந்தா தாளக் காட்டு. வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசுலா, செத்துற மாட்ட," என்றார் என்னிடம்.

அக்கா இல்லாத முதல் நாளே ராக்காயிக்கு மூச்சு வாங்கியது. தாதிகள் இருக்கும் மேசைக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினார்கள். தாள் பழைய கட்டிலிலேயே நின்றுவிட்டது. வேறு வார்டிலிருந்து வந்த தாதி, கை ஆக்ஸிஜன் குழாயைத் தேடுவதைப் பார்த்துக் கட்டிவிட்டாள். அவள் மேல் தவறில்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று முறை அவளிடம் போனேன். முதலில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டர் நின்றார். மூன்றாம் முறை அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் குனிந்து தரையைத் துடைத்தேன்.

கட்டுக்குள் விரல்கள் உரித்துக்கொண்டே இருந்தன. மதியம் இரண்டரைக்கு மூச்சோடு சேர்ந்து நின்றன.

வேலைக்குத் திரும்பிய அக்கா கேட்டது ஒன்றுதான்.

"கை?"

"கட்டியிருந்தாங்கக்கா."

"நீ சொன்னியா?"

தலையாட்டினேன், இல்லையென்று. அக்கா அடுத்த கட்டிலுக்குப் போய்த் துடைக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு, சாகக் கிடப்பவர் வார்டில் இருந்தால் அக்கா விடுப்பு எடுப்பதில்லை. என்னிடம் யாரையும் ஒப்படைத்ததும் இல்லை.